பெதும்பைக்கு நூல் எது? இளையோர்க்கான நூற்பரிந்துரைகள் குறித்து ஒரு மறுப்புரை

முன்னுரை

பத்து வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள தமிழ்ச் சிறார்க்கு எந்நூல்களைப் படிக்கத் தரலாம் என்னும் வினா, தமிழ்ச் சங்கங்களிலும் பள்ளி நூலகங்களிலும் புத்தகக் கண்காட்சிகளிலும் ஆண்டுதோறும் எழுகின்றது. விடையாகப் பட்டியல்கள் பல தரப்படுகின்றன. அப்பட்டியல்களுள் பெரும்பாலானவை சிறாரை நோக்கி எழுதப்பட்டவை அல்ல; எழுதியவரின் இளமை நினைவுகளை நோக்கி எழுதப்பட்டவை என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும். இக்குறைக்குப் பதிப்பாளரோ பெற்றோரோ முதற்காரணம் அல்லர். இப்பருவத்தினர்க்கான இலக்கியத்தை ஆய்வுப் பொருளாகவே ஏற்காத தமிழ்த்துறைகளே முதற்காரணம் என்பதும் இங்கு வலியுறுத்தப்படுகின்றது. இதனை விளக்குதற்குப் பெங்களூருத் தமிழ்ச் சிறாரின் நிலை களமாகக் கொள்ளப்படுகின்றது. தமிழகத்துக்கு வெளியே நிற்கும் குழந்தையிடத்தேதான் நம் பட்டியல்களின் குறைபாடு ஒளிவுமறைவின்றித் தெரிகின்றது.

பருவத்துக்குப் பெயர் உண்டு, நூல் இல்லை

தமிழ் மரபு குழந்தையின் பருவங்களை நுணுகி நோக்கிய மரபு. பிள்ளைத்தமிழ் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனப் பத்துப் பருவங்களை வகுத்துப் பாடிற்று. ஆயின் அவ்விலக்கியம் சிற்றிலோடும் சிறுதேரோடும், அம்மானையோடும் ஊசலோடும் நின்றுவிடுகின்றது. அதன்பின் உலா இலக்கியம் மகளிர் பருவம் ஏழினைப் பேசுகின்றது. பேதைக்கு ஐந்து முதல் ஏழு, பெதும்பைக்கு எட்டு முதல் பதினொன்று, மங்கைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று, மடந்தைக்குப் பதினான்கு முதல் பத்தொன்பது என வயதெல்லை கூறும் வழக்கும் உண்டு. பன்னிரு பாட்டியல் ஆடவர்க்கும் பாலன், மீளி, மறவோன் முதலிய பருவங்களைச் சுட்டுகின்றது.

மேலை நாட்டுப் பதிப்புலகம் அண்மைக் காலத்தே தனித்துப் பிரித்து நூல் வெளியிடும் வயதுப் பிரிவுக்கு நம் பாட்டியலார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெயரிட்டுவிட்டனர். ஆயினும் உலாவில் பெதும்பை தலைவனைக் காண்பவளாகவும் மயங்குபவளாகவும் வருகிறாளேயன்றி, படிப்பவளாக வரவில்லை. அக்காலத்து இலக்கியக் கொள்கையில் அதற்கு இடமில்லை; அதனைக் குறையாகக் கூறுதல் பொருந்தாது. நாமும் இன்றுவரை அவளைப் படிப்பவளாகக் கருதவில்லை என்பதுதான் குறை. தாலாட்டையும் குழந்தைப் பாடலையும் ஆராய்கிறோம். அடுத்துப் புதினத்துக்கும் சிறுகதைக்கும் தாவுகிறோம். பிள்ளைத்தமிழ் முடிந்த இடத்துக்கும் பெரியோர் இலக்கியம் தொடங்கும் இடத்துக்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டுகள் வெற்றிடமாகக் கிடக்கின்றன. பாரதியாரின் பாப்பா பாட்டு முதல் அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் வரை ஆய்வேடுகளில் மீண்டும் மீண்டும் பேசப்படுவது சிறு குழந்தையே. பூவண்ணன் குழந்தை இலக்கிய வரலாறு எழுதித் துறைக்கு அடித்தளம் இட்டார். அதன்மேல் பருவ அடிப்படையிலான கட்டடத்தை எழுப்புவது பின்வந்தோர் கடமையாயிருந்தது. அது நிறைவேறவில்லை.

வங்கமொழியில் நிலை வேறு. அங்குக் குழந்தை இலக்கியம் வேறு, கிசோர இலக்கியம் வேறு. 1913இல் உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி தொடங்கிய 'சந்தேஷ்' இதழ், 1965இல் அவர் பேரர் சத்யஜித் ராய் எழுதிய ஃபெலுடா கதைகளுக்கு இடமளித்தது. துப்பறிவோனின் உடனிருந்து கதை சொல்லும் தோப்ஷே பதின்பருவச் சிறுவன். படிப்போனின் வயதுடையவனே கதை சொல்கிறான். பெயர் இருந்தமையால் வகைமை வளர்ந்தது. வகைமை இருந்தமையால் எழுதுவோரும் பரிந்துரைப்போரும் தாம் யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதை அறிந்திருந்தனர். கேரளத்தில் 1981இல் குழந்தை இலக்கியத்துக்கென்றே மாநில நிறுவனம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. தமிழில் தனிமனிதர் உழைப்பு உண்டு. நிறுவனத் தொடர்ச்சி இல்லை.

பட்டியல்களின் இயல்பு

பொதுவாக வழங்கும் பரிந்துரைப் பட்டியல் மூன்று கூறுகளால் ஆனது. தெனாலிராமன், மரியாதைராமன், பஞ்சதந்திரம் என்னும் கதைத் தொகுதிகள் முதற்கூறு. திருக்குறள் கதைகளும் பெரியோர் வாழ்க்கை வரலாறுகளும் இரண்டாங்கூறு. 'பொன்னியின் செல்வன்' மூன்றாங்கூறு. முதலிரண்டும் எட்டு வயதில் நிற்கின்றன. மூன்றாவது பதினாறுக்கு அப்பால் நிற்கின்றது. கேட்டவர் வினவிய பருவம் மட்டும் பட்டியலில் இல்லை.

'பொன்னியின் செல்வன்' சிறந்த நூல் அன்று என்பது இங்குக் கூறப்படுவதன்று. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக விரிந்த அப்புதினத்தைப் பன்னிரண்டு வயதில் படித்து முடித்ததாகக் கூறும் பெரியோர் பலர். அவர்கள் கூற்று மெய்யே. ஆயின் அவர்கள் அந்நூலுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதை அவர்களே மறந்துவிடுகின்றனர். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா', 1972இல் வள்ளியப்பாவை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய 'கோகுலம்', 1984இல் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு வந்த 'பூந்தளிர்', படக்கதை வெளியீடுகள் ஆகியன அவர்களுக்கு ஏணியாய் அமைந்தன. இரண்டு பக்கக் கதை, எட்டுப் பக்கக் கதை, தொடர்கதை என்று அவர்கள் படிப்படியாக ஏறினர். நூற்றுக்கணக்கான சிறு கதைகளைப் படித்த கண்ணுக்கு ஐந்து பாகம் மலைப்பைத் தரவில்லை.

இன்று அவ்வேணி இல்லை. 'அம்புலிமாமா' நின்றுவிட்டது. 'கோகுலம்' இதழும், 1999இல் தொடங்கிய 'சுட்டி விகடன்' இதழும் 2020இல் நின்றன. ஏணியை எடுத்துவிட்டு மாடியைப் பரிந்துரைக்கிறோம். ஏறாத குழந்தையைச் சோம்பல் உடையது என்கிறோம்.

பழைய திண்ணைப் பள்ளியே இதனினும் நுட்பமான முறையைக் கைக்கொண்டிருந்தது. ஈரிரு சொல்லாலான ஆத்திசூடி, ஓரடியாலான கொன்றைவேந்தன், நாலடி வெண்பாவாலான மூதுரை, நல்வழி என நூல்களின் வரிசையிலேயே வாசிப்பின் படிநிலை அமைந்திருந்தது. நீதி கற்பித்தல் அதன் நோக்கமாயினும் அளவு சிறிது சிறிதாக வளர்ந்தது. நம் பட்டியல்கள் அந்நீதியை மட்டும் எடுத்துக்கொண்டு படிநிலையைக் கைவிட்டன.

பெங்களூருத் தமிழ்ச் சிறார்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படிக் கருநாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 21 இலட்சத்தினர். அவருள் பெரும்பகுதியினர் பெங்களூருவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்கின்றனர். அல்சூர் ஏரிக்கரையை அடுத்து 1950இல் தோன்றிய பெங்களூருத் தமிழ்ச் சங்கம் உண்டு. 18 ஆண்டுகள் மூடப்பட்டிருந்து 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் உண்டு. சிலைக்காக அத்துணை ஆண்டுகள் பொறுமையோடு குரல் கொடுத்த சமூகம், தன் பன்னிரண்டு வயதுக் குழந்தை எதனைப் படிக்கிறது என்னும் வினாவுக்காக அதே அளவு குரல் கொடுத்ததாகக் கூற இயலாது.

அக்குழந்தையின் மொழிநிலையை நோக்குவோம். பயிற்று மொழி பெரும்பாலும் ஆங்கிலம். 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழிக் கற்றல் சட்டத்தின்படிப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயப் பாடம். மூன்றாவதாக இந்தியோ சமற்கிருதமோ அமைகின்றது. வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பது அக்குழந்தையின் கடமையும் உரிமையும் ஆகும். அதனைக் குறை கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. தமிழ் வீட்டுப் பேச்சாக மட்டும் எஞ்சுகின்றது என்பதே இங்குக் கருதத்தக்கது. 1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிவழிக் கல்வி வசதி செய்துதர வேண்டும் என்கிறது. ஆயினும் அது தொடக்கக் கல்வி நிலையளவில் நிற்கின்றது. சட்டம் கைவிடும் வயதும் நம் இலக்கியம் கைவிடும் வயதும் ஒன்றாகவே உள்ளன. பத்து வயதில் பள்ளியும் விடுகிறது, நூலும் விடுகிறது.

இச்சிறார்க்கு எழுத்தறிவு நிலையிலேயே தனித்த இடர்ப்பாடு உண்டு. கன்னடத்தில் க, ஃக, க³, க⁴ என்றாற்போல நான்கு ஒலிக்கும் நான்கு எழுத்துகள் உண்டு. தமிழில் 'கடல்', 'அகம்', 'தங்கம்' ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலியோ மூன்று. சொல்லை முன்பே செவியால் அறிந்த குழந்தைக்கு இஃது எளிது. அறியாத சொல்லாயின் எழுத்துக்கூட்டுதலே சுமையாகின்றது. புணர்ச்சியால் நீண்ட சொற்களும், வீட்டுப் பேச்சிலிருந்து விலகிய எழுத்து வழக்கும் அச்சுமையைக் கூட்டுகின்றன. ஆகவே பதின்மூன்று வயதுப் பெங்களூருச் சிறுமியின் தமிழ் வாசிப்புத் திறன் ஏழு வயதினதாகவும், சிந்தனைத் திறன் பதின்மூன்று வயதினதாகவும் அமைதல் இயல்பு.

அவளுக்கு நாம் தருவது எது? திறனை நோக்கின் காக்கையும் நரியும் தருகிறோம். அவள் நாணி நூலை மூடுகிறாள். வயதை நோக்கின் ஐந்து பாகப் புதினம் தருகிறோம், மலைத்து மூடுகிறாள். அதே சிறுமி ஆங்கிலத்தில் ஹாரி பாட்டர் வரிசையைத் தொடர்ந்து படிக்கிறாள். ஆகவே படிக்கும் விருப்பம் இல்லை என்பது பொய். தமிழில் படிக்கத்தக்க நூல் அவள் கைக்கு வரவில்லை என்பதே உண்மை.

எதிர்வாதங்களும் விடைகளும்

'கைப்பேசி வந்தபின் எக்குழந்தையும் படிப்பதில்லை' என்பர் ஒருசாரார். மேற்கூறிய சிறுமியே இதற்கு விடை. கைப்பேசி ஆங்கில நூலுக்கும் தமிழ் நூலுக்கும் வேற்றுமை பார்ப்பதில்லை.

'முதலில் இலக்கணத்தோடு மொழியைக் கற்கட்டும். பின்னர் இலக்கியம் படிக்கலாம்' என்பர் மற்றொருசாரார். தமிழ்ச் சங்கங்களின் வாரயிறுதி வகுப்புகளை ஆளும் கருத்து இதுவே. படிப்பினால் மொழி வருவதன்றி, மொழி முழுதும் வந்தபின் படிப்பு வருவதன்று. நீந்தப் பழகியபின் நீரில் இறங்கு என்பது போன்றது இது.

'எளிமையாக்கினால் தமிழ் கெடும்' என்பது மூன்றாவது வாதம். அறிஞரிடையே செல்வாக்குடையதும் இதுவே. எளிமைக்கும் தரமின்மைக்கும் வேறுபாடு காணாமையால் எழுந்தது இவ்வாதம். எடின்பரோவில் 1998இல் தொடங்கப்பட்ட பாரிங்டன் ஸ்டோக் பதிப்பகம், வாசிப்பில் தடுமாறும் இளம் வாசகர்க்கென்றே, வயதுக்கேற்ற கதைப்பொருளையும் எளிய நடையையும் இணைத்து, முன்னணி எழுத்தாளர்களைக் கொண்டே நூல்களை வெளியிட்டு வருகின்றது. ஆங்கிலம் அதனால் கெடவில்லை. சொல்லைப் பிரித்து அச்சிடுதல், குறுந்தொடர் அமைத்தல், உரையாடலில் பேச்சு வழக்கை ஏற்றல் ஆகியவற்றால் தமிழும் கெடாது. கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' கரிசல் வழக்கில் எழுதப்பட்ட குறுநாவல். பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடித் திரியும் சிறுவனின் உலகம் அதில் வருவது போலத் தூய எழுத்து வழக்கில் வந்திருக்குமா என்பதை அறிஞர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

'இப்பருவத்தார்க்கு நல்லொழுக்கமே வேண்டும். வாழ்வின் இருண்ட பக்கம் வேண்டா' என்பது நான்காவது வாதம். இருண்ட பக்கம் சிறாரை அறியாதிருக்கவில்லை. நூல்தான் அதனை அறியாததுபோல் நடிக்கின்றது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சிறார்மீது நிகழும் பாலியல் அத்துமீறலைச் சிறார்க்கே உரிய மொழியில் பேசியது. 2020இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. இரா. நடராசனின் 'ஆயிஷா' தண்டனையின் வலியை உணராதிருக்க வேதிப்பொருளைத் தன்மீதே சோதித்து உயிரிழக்கும் மாணவியைப் பேசியது. இவற்றைப் படித்த சிறார் கெட்டதில்லை. படித்த ஆசிரியர் பலர் திருந்த வாய்ப்புண்டு.

நூல்கள் இல்லையா?

நூல்களே இல்லை என்று கூறுதலும் தவறு. 2010இல் தொடங்கிய பால சாகித்திய புரஸ்கார் பட்டியலை மட்டும் நோக்கினும் இவ்வுண்மை புலனாகும். மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி' முதலாண்டில் பரிசு பெற்றது. இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' 2014இல் பெற்றது. விக்கிரமாதித்தன் கதை என்னும் பழைய சட்டத்துள் அறிவியலை வைத்தமை அதன் சிறப்பு. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் பெற்றது. கீழடியைச் சிறுவனின் கண்வழியே காட்டியது. யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' 2024இலும், விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025இலும் பெற்றன. மொழிபெயர்ப்பில் தெத்சுகோ குரோயநாகியின் 'டோட்டோசான்' நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் கிடைக்கின்றது. ஃபெலுடா கதைகள் தனித்தனிச் சிறு நூல்களாகத் தமிழில் வந்துள்ளன. ஒரு நூலை முடித்த நிறைவு அடுத்த நூலுக்கு இட்டுச்செல்லும் என்பதால் தயங்கும் வாசகர்க்கு இவ்வடிவம் பெரிதும் ஏற்றது.

பெங்களூருச் சிறார்க்கு இன்னும் நெருங்கியவை உண்டு. மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயண் 1935இல் வெளியிட்ட சுவாமியின் கதை, தமிழ்க் குடும்பச் சிறுவனின் கதையாயினும் அவர்கள் அதனை ஆங்கிலத்திலேயே அறிவர். தமிழ்வழி அறிமுகம் செய்தல் எளிது. சற்று முதிர்ந்த வாசகர்க்கு அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' ஒன்று போதும். 1977இல் நூலாக வந்த அப்புதினம், ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த காலத்தில் செகந்திராபாத்தில் வாழும் தமிழ் இளைஞனைப் பற்றியது. பிறமொழி நகரில் வாழும் தமிழனின் அச்சமும் நட்பும் குற்றவுணர்வும் அதில் உள்ளன. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிச் சிக்கலையொட்டி இந்நகரில் நிகழ்ந்தவற்றைப் பெற்றோர் வாய்மொழியாகக் கேட்டு வளரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, எந்த வீரவரலாற்றைக் காட்டிலும் இந்நூல் நெருக்கமானது. ஆயினும் இளையோர் பட்டியல்களில் இது காணப்படுவதில்லை. பெரியோர் நூல் என்று ஒதுக்கப்படுகின்றது. 'பொன்னியின் செல்வன்' யாருக்காக எழுதப்பட்டது என்பதை மட்டும் எவரும் வினவுவதில்லை.

முன்மாதிரிகளும் அருகிலேயே உள்ளன. 2004இல் பெங்களூருவில் தோன்றிய பிரதம் புக்ஸ், நூல்களைப் படிநிலை குறித்து வெளியிடுகின்றது. 2015இல் அது தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதையைக் கன்னடத்திலும் தமிழிலும் படிக்க இயலும். கன்னடம் அறிந்த தமிழ்க் குழந்தைக்கு இஃது அரிய வாய்ப்பு: பொருளைக் கன்னடத்தில் அறிந்து தமிழில் மீளப் படிக்கலாம். எனினும் அங்கும் எளிய படிநிலையின் கதைப்பொருள் சிறு குழந்தைக்குரியதே. தமிழக அரசின் பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என வாசிப்புத் திறனைக் கொண்டு நூல்களை வகைப்படுத்தியது. பெயர்களே செயலைக் கூறும் அழகிய பகுப்பு அது. ஒசூரில் படிக்கும் சிறுமிக்கு எட்டும் அந்நூல், சில கல் தொலைவிலுள்ள பெங்களூருச் சிறுமியின் வகுப்பறைக்கு எட்டவில்லை. மாநில எல்லை அரசுக்கு உண்டு. தமிழ்த்துறைகளுக்கும் சங்கங்களுக்கும் இருத்தல் ஆகாது.

செய்யத்தக்கன

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கனவாக நான்கு இங்கு முன்மொழியப்படுகின்றன.

முதலாவது, பருவத்துக்குப் பெயரிடல். குழந்தை இலக்கியம் என்னும் ஒரே சொல்லுள் மூன்று வயதையும் பதினான்கு வயதையும் அடக்குதல் ஆய்வுக்குப் பொருந்தாது. இளையோர் இலக்கியம் என்றோ வேறு தக்க சொல்லாலோ இதனைப் பிரித்துப் பாடத்திட்டத்தில் தனித்தாள் அமைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பரிந்துரைக்கும் ஒவ்வொரு நூலுக்கும் நான்கு குறிப்புகள் தரல்: கதைப்பொருளுக்கு ஏற்ற வயது, நடைக்கு வேண்டிய வாசிப்புத் திறன், பக்க அளவு, இன்று கிடைக்கும் பதிப்பு. முதலிரண்டையும் தனித்தனியே குறித்தாலன்றி, தாய்நாட்டுக்கு வெளியே வளரும் எக்குழந்தைக்கும் பட்டியல் பயன்படாது. அச்சில் இல்லாத நூலைப் பரிந்துரைத்தல் பசித்தவனுக்குப் பழைய விருந்தை விவரிப்பது போன்றது.

மூன்றாவது, சிறாரைக் கொண்டே சோதித்தல். பட்டியலிடுவோர் ஐந்து சிறாரிடமேனும் நூலைத் தந்து, எந்தப் பக்கத்தில் நிறுத்தினர், எந்தச் சொல்லில் இடறினர் என்று குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பாடவேறுபாட்டை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கப் பயின்ற நமக்கு இஃது அரிய செயலன்று.

நான்காவது, மொழிபெயர்ப்பை ஊக்குவித்தல். கன்னடத்திலிருந்து பாவண்ணன் போன்றோர் பெரியோர் இலக்கியத்தைத் தமிழுக்குக் கொணர்ந்துள்ளனர். பைரப்பாவின் 'பருவம்' அவர்க்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றுத் தந்தது. அதுபோலக் கன்னட இளையோர் இலக்கியமும் தமிழுக்கு வருதல் வேண்டும். தான் வாழும் தெருவும் பேருந்தும் மழையும் தமிழ் எழுத்தில் வருவதை ஒருமுறை கண்ட குழந்தை, தமிழை ஊரில் விட்டுவந்த மொழியாகக் கருதாது.

முடிவுரை

இளையோர் படிப்பதில்லை என்னும் குற்றச்சாட்டு, நாம் எழுதித் தரவில்லை, தேர்ந்து தரவில்லை என்னும் இரு கடமைத் தவறுகளை மறைக்கும் திரையாகப் பயன்பட்டு வருகின்றது. எழுதுவோர் சிலர் தம் பணியைத் தொடங்கிவிட்டனர் என்பதை மேற்காட்டிய நூல்கள் மெய்ப்பிக்கின்றன. தேர்ந்து தருதலும் தகுதி ஆய்தலும் எழுத்தாளர் பணியல்ல. அவை தமிழ்த்துறைகளின் பணி. எழுத்து வாசனை அறாது பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை ஒரு குழந்தையைத் தமிழில் நிறுத்திவைக்க இயலுமாயின், அதன்பின் அது சங்க இலக்கியத்தையும் தேடி வரும். அவ்வைந்தாண்டுகளில் கைவிட்ட குழந்தைக்கு, நாம் பதிப்பிக்கும் செம்பதிப்புகள் யாவும் பூட்டிய நூலகத்துள் உள்ளவையே.